சின்னாண்டி குழாய்

ஒரு காலத்தில் கடுக்காப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். பொழுது சாயும்போது அலமேலு வீட்டுப் பக்கமிருந்து ஒரு ஆம்பளைக் குரல் கேட்கும், பதறிவிடாதே, அது செத்துப்போன சின்னாண்டி, தான் செய்த துப்பாக்கிக்குள்ளே இருந்து பேசுகிறான், பேசி முடித்ததும் விளக்கை ஏற்று, கோழியை அடை, அவ்வளவுதான். வந்தவளும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு உப்பு எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். மலைக்கு பஸ் வருவதற்கு முந்தி, கரண்டு வருவதற்கு முந்தி அந்தக் குரல் வந்துவிட்டது. முதல் பஸ்ஸைப் பார்த்து வாயைப் பிளந்த ஊர், குரலைக் கேட்டு ஒருநாளும் வாயைப் பிளந்ததில்லை.

துப்பாக்கி என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்போதெல்லாம் அந்த மலையில் வீட்டுக்கு வீடு நாட்டுத் துப்பாக்கி இருந்தது, குச்சிக்கிழங்குக் கொல்லையைக் காட்டுப் பன்றியிடமிருந்து காப்பாற்ற வேறு வழி என்ன இருந்தது? மற்றவர்கள் அடிவாரத்துக் கொல்லனிடம் சொல்லிச் செய்து வாங்கினார்கள். சின்னாண்டிக்கு அதற்கு வக்கில்லை, கல்யாணமான புதுசு, வீட்டுக்குக் கூரையே பாதிதான் வேய்ந்திருந்தான். பழுதான அடிபம்பிலிருந்து கழற்றி எறிந்த குழாய் ஒன்று, காற்றில் சாய்ந்த பலாமரத்தின் கட்டை ஒன்று, ஓடாத சைக்கிளின் ஸ்பிரிங், கிழிந்த குடையின் கம்பி, இதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து ஒரு மழைக்காலம் பூராவும் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனாகத் தட்டித் தட்டிச் செய்தான். செய்து முடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. "இத எடுத்துக்கிட்டுப் பன்னிய அடிக்கப் போறியா, தண்ணி புடிக்கப் போறியா?" என்று கேட்டாள் அடுத்த வீட்டுப் பிச்சாயி. அன்றிலிருந்து அதற்கு சின்னாண்டி குழாய் என்றே பேர் விழுந்துவிட்டது.

இந்த மாதிரித் துப்பாக்கிக்குக் குழாயின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும், கெட்டிப்பது என்பார்கள். கெட்டிக்கிறவன் வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்த மலையின் முறை. பேசினால் பேச்சும் மருந்தோடு சேர்ந்து உள்ளே இறுகிவிடும் என்று சொல்வார்கள். நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கல் இல்லாமல் கெட்டித்தவன் எவனும் இல்லை.

சின்னாண்டி முதன்முதலாகத் தன் குழாயைக் கெட்டித்த அந்தியில் அலமேலு முழுகாமல் இருந்தாள். அடுப்பில் சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கல்லை வாயில் போட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, என்னமோ கோயில் காரியம் செய்கிற மாதிரி இடித்துக்கொண்டிருந்தபோது, அலமேலு தாய் வீட்டிலிருந்து கொண்டு வந்த பெட்டைக்கோழி எங்கிருந்தோ ஓடி வந்து அவன் கால் கட்டைவிரலைப் பழம் என்று நினைத்து ஒரே கொத்தாகக் கொத்தியது. அவன் 'ஆ' என்று துள்ள, கல் வாயிலிருந்து தெறித்து அடுப்புக்குள் போய் விழ, அவனுக்கு வந்ததே சிரிப்பு, இடிக்கிற கையை நிறுத்தாமலே சிரித்துக்கொண்டு பேசினான்: "ஏ அலமேலு, பாத்தியா உங்கம்மா வூட்டுக் கோழிய! நாளைக்கே இதக் கொழம்பு வெச்சிரு. பொண்ணு பொறந்தா செம்பான்னு பேரு வெக்கோணும், இப்பவே சொல்லிட்டேன். சரி சரி, சோத்தப் போடு, பசிக்குது."

இவ்வளவுதான். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, அவன் கொல்லைக் காவல் பரணுக்குப் போகவில்லை. மறுநாள் சந்தைக்குப் போன ஜீப்பு கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது, சின்னாண்டியைப் பாயில் சுருட்டித்தான் மேலே கொண்டுவந்தார்கள். காரியம் முடிந்து சாதிசனம் கலைந்த அன்றைக்கு, பொழுது சாயும் நேரத்தில், சுவரில் மாட்டியிருந்த குழாய் பேசியது. அதே சிரிப்பு, அதே பேச்சு, கோழியிலிருந்து சோறு வரைக்கும். அலமேலு பதறியடித்துக்கொண்டு ஓடிப்போய் ஊர் மூப்பன் தாண்டவனைக் கூட்டி வந்தாள். அவர் ஒரு அந்தி முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "வாயில கல்லு இல்லாமக் கெட்டிச்சிருக்கான். பேசாம என்னத்தச் செய்யும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. அந்தக் கோழியை அறுக்க யாருக்கும் கை வரவில்லை, செத்தவனே தினமும் திட்டுகிற கோழியை யார் தின்பது? அது கிழடு தட்டி, கண் தெரியாமல், தெருத்தெருவாக எல்லார் வீட்டிலும் உரிமையோடு நுழைந்து தின்று, தானாகத்தான் செத்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் டேப்ரிக்கார்டரில் பிடித்துப் பார்த்தார், டேப்புக்குள் சில்வண்டுச் சத்தந்தான் இருந்தது. இதற்கிடையில் ஒருநாள் கண்டுபிடித்தார்கள், குரல் கேட்கிற தூரம் வரைக்கும் பன்றி அண்டுவதில்லை. அவ்வளவுதான், சின்னாண்டி குழாய்க்கு முறை வைத்துவிட்டார்கள். இன்றைக்கு மூப்பன் கொல்லைப் பரண், நாளைக்குப் பிச்சாயி கொல்லைப் பரண் என்று வரிசையாக எடுத்துக்கொண்டு போய் மாட்டுவதும், விடிந்ததும் கொண்டுவந்து அலமேலு கையில் கொடுப்பதும் வழக்கமாயிற்று. ஒருதரம்கூட வெடிக்காமல் அந்த ஊரின் அத்தனை கிழங்கையும் காத்தது ஊரிலேயே மலிவான அந்தத் துப்பாக்கிதான். உயிரோடு இருக்கும்போது பத்துப் பேர் கிண்டலடித்தவனை, செத்தபிறகு பத்துப் பேர் பரணுக்குக் கூப்பிட்டார்கள். அலமேலுவுக்கு அதில் பெருமை இல்லாமலில்லை.

ஆனால் எடுக்க எடுக்கக் குறையாமல் இருக்க அது என்ன ஊற்றா? செம்பா தொட்டிலில் கிடந்த காலத்திலேயே பேச்சின் நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. ஒருநாள் காலையில் பிச்சாயி கொல்லையிலிருந்து திரும்பி வந்த குழாய், அன்றைக்கு அந்தியில் கோழியைத் திட்டிவிட்டு, பேர் வைக்கச் சொன்ன பேச்சை அப்படியே விட்டுவிட்டு, நேராகச் சோற்றுக்கு வந்துவிட்டது. பஞ்சாயத்து கூடியது. யார் முறையில் தொலைந்ததோ அவர்கள்தான் பொறுப்பு என்று பிச்சாயிக்குத் தண்டம் போட்டார்கள். "நானா அந்தப் பேரத் தின்னேன்? அடப் பாவிங்களா!" என்று பிச்சாயி மண்ணை வாரித் தூற்றினாள், அந்தக் கோபம் இன்றைக்கும் அவளுக்குத் தீரவில்லை. அதற்கப்புறம் கோழி போனது, அடுத்து சிரிப்பு போனது. கடைசியில் மிஞ்சியது 'சோத்தப் போடு, பசிக்குது' மட்டும், அதுவும் காதை வைத்துக் கேட்டால்தான். பன்றிகளும் பயம் தெளிந்து கொல்லைக்குள் வர ஆரம்பித்தன. முறை நின்றுபோய்க் குழாய் அலமேலு வீட்டுச் சுவருக்கே திரும்பியது.

அலமேலு அதற்காக வருத்தப்படவில்லை. இப்போது அவன் அவளுக்கு மட்டும் பேசினான். பொழுது சாயும்போது சோற்றை வடித்து வைத்துவிட்டு, குழாயின் வாயில் காதை ஒட்டிக்கொண்டு உட்காருவாள். அவன் 'பசிக்குது' என்றதும் ஒரு கவளம் எடுத்து இலையில் வைப்பாள். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது, முட்டி வலிக்கிறது, மேல்வரிசையில் இரண்டு பல் போய்விட்டது. அவனுடையது இன்னும் மீசை முளைத்த புதுசின் குரல். வர வர, புருசன் கேட்கிற மாதிரி இல்லாமல் பெற்ற பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. "இருடா ராசா, போடறேன்" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, தன்னந்தனியாக உட்கார்ந்து வெட்கப்பட்டாள். அந்த ஒரு பேச்சு போதும் என்று இருந்தது அவளுக்கு. அதுவும் போய்விடக் கூடாதே என்று தினமும் குழாயைத் துடைத்து வைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் போலீஸ் ஜீப்பு மைக்கைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தது. கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கோயில் மைதானத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டால் கேள்வி இல்லை, கேஸ் இல்லை, அதற்கு அப்புறம் யார் வீட்டிலாவது இருந்தால் ஜாமீன் இல்லை, என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. ஊர்க்காரர்கள் முனகிக்கொண்டே பரணிலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் துப்பாக்கிகளை எடுத்துத் தூசி தட்டினார்கள். அலமேலு மட்டும் சின்னாண்டி குழாயை எண்ணெய்த் துணியில் சுற்றி, நெல்லுப் பானைக்கு அடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிடலாம் என்று மண்வெட்டியைத் தேடினாள்.

மண்வெட்டியை ஒளித்து வைத்ததே செம்பாதான். செம்பாவுக்கு வனக்காவலர் வேலை கிடைத்திருந்தது, அடுத்த வாரம் பயிற்சிக்குப் போக வேண்டும். "ஏண்டி, உன் வேலைக்குப் பங்கம் வந்துரும்னு பயப்படறியா?" என்று அலமேலு சீறினாள். "உங்கப்பன விட உனக்கு அந்தக் காக்கித்துணி பெருசாப் போச்சா?"

"வேலையப் பத்தி நான் பேசவே இல்ல."

"பின்ன என்ன?"

செம்பா பெட்டியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். "யம்மா, எங்கப்பா எம் பேரச் சொன்னத இந்த ஊர்ல எல்லாருங் கேட்டிருக்காங்க. மூப்பன் கேட்டிருக்காரு. பிச்சாயி சின்னம்மா கேட்டிருக்கு. அந்தக் குருட்டுக் கோழிகூடக் கேட்டிருக்கு. நான் மட்டுந்தான் கேக்கல. எனக்குத் தெரிஞ்சது சோறு மட்டுந்தான்." அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீ பொதைச்சு வெச்சா அந்தச் சோறும் மண்ணுக்குள்ள போயிரும். வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

அலமேலு மண்வெட்டியைத் தேடுவதை விட்டாள். இத்தனை காலமும் அந்த ஓட்டை தன் நெஞ்சில் விழுந்த ஓட்டை என்றுதான் நினைத்திருந்தாள். மகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. நெல்லுப் பானை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயை முந்தானையில் மூடிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். அங்கே துப்பாக்கிகள் விறகு மாதிரிக் குவிந்து கிடந்தன. சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுப் பையன், வெயிலில் முகம் கன்றிப் போயிருந்தான். குழாயை வாங்கிப் பார்த்தவன் சட்டென்று கீழே வைத்தான்.

"அம்மா, உள்ள மருந்து இருக்குது போலயே? கெட்டிச்சதெல்லாம் நாங்க ஜீப்புல ஏத்த முடியாது. தண்ணிய ஊத்தி நனைச்சுக் குத்தி எடுத்திட்டுக் குடுங்க."

தண்ணி என்றதும் கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தண்ணி ஊற்றினால் பேச்சு ஊறிக் கரைந்து ஒழுகிப் போய்விடும் என்றார்கள் சிலர். மலைக் குகையில் ஒளித்து வைக்கலாம் என்று போலீஸ் முன்னாலேயே சொன்னார்கள் சிலர். மூப்பன் கைத்தடியைத் தட்டி எல்லாரையும் அடக்கினார். "சுட்டுரு அலமேலு. தேஞ்சது வெளிய வர்ற சத்தந்தான். உள்ள கெட்டிச்சது கெட்டிச்சபடி இருக்கும். மருந்து வெடிச்சா மொத்தமா வரும்."

"போனது எப்பிடி மாமா வரும்?" என்றாள் பிச்சாயி. "இருக்கற ஒரு பேச்சும் டப்புனு போயிரும், அவ்வளவுதான். அவ ராத்திரிக்கு யாருகூடச் சோறு திம்பா?"

சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஏட்டு உள்ளூர்க்காரர், அவன் காதில் எல்லாவற்றையும் சொன்னார். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "கள்ளத் துப்பாக்கியச் சுடுன்னு நான் எப்பிடிங்க சொல்றது? நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வர்றப்போ இது காலியா இருக்கோணும். ஆனா ஒண்ணு, இந்தப் பழைய குழாயக் கையில புடிச்சு மட்டும் சுட்டுராதீங்க, வெடிச்சா மொகரையே இருக்காது." சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தான்.

எல்லாரும் அலமேலுவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் குழாயைப் பார்த்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சுட்டால் அவன் சொன்ன பேர் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் இன்று ராத்திரியிலிருந்து அந்த வீட்டில் சோறு கேட்க ஆளில்லை. குனிந்து கடைசியாக ஒருதரம் குழாய் வாயில் காதை வைத்தாள். சோத்தப் போடு, பசிக்குது. எவ்வளவு சன்னமாகிவிட்டது, எறும்பு நடக்கிற மாதிரி. 'எத்தனை நாளைக்குத்தான் உன்னைப் பட்டினி போட்டு வைப்பேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கயிறு கொண்டாங்க" என்றாள்.

பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி இருந்த பலாமரத்தில் குழாயைக் கட்டினார்கள். விசையில் நீளக் கயிறு ஒன்றைப் பூட்டி, பாறைக்குப் பின்னால் கொண்டுவந்து அலமேலு கையில் கொடுத்தார்கள். ஊர் மொத்தமும் பாறைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது. பிச்சாயி காதைப் பொத்திக்கொண்டாள், பொத்தினால் கேட்காதே என்று நினைத்து உடனே எடுத்துவிட்டாள். அலமேலு கயிற்றின் மிச்ச நுனியை செம்பாவிடம் நீட்டினாள். "நீயும் புடி."

இழுத்தார்கள். 'டொக்' என்றது. ஒன்றுமில்லை. மூப்பன் போய் விசையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வந்தார். மறுபடி இழுத்தார்கள்.

குழாயிலிருந்து பொசுபொசுவென்று புகை கிளம்பியது. வெடிச்சத்தம் வரவில்லை. புகைக்குள்ளிருந்து சின்னாண்டி, இருபது வயசுச் சின்னாண்டி, மலையே அதிரக் கத்தினான்: "சரி சரி, சோத்தப் போடு, பசிக்குது!" டீக்கடையில் சப்-இன்ஸ்பெக்டர் டம்ளரும் கையுமாக எழுந்து நின்றுவிட்டான். எதிர்மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பன்றிகள் எங்கோ புதரை முறித்துக்கொண்டு ஓடின. அத்தோடு அடங்கிவிட்டது. கோழி வரவில்லை, பேரும் வரவில்லை. பிச்சாயி சொன்னதுதான் சரி என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செம்பா கயிற்றைக் கீழே போட்டாள். அலமேலு மகள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் போய்விட்டது, நானே என் கையால் போக்கடித்துவிட்டேன் என்று அவளும் கயிற்றை விட்டாள்.

அப்போது புகை ஓய்ந்த குழாயிலிருந்து, அவன் பேச்சுக்கு அடியில் இத்தனை காலமும் அமுங்கிக் கிடந்த இன்னொன்று கிளம்பி வந்தது. ஒரு பெண்பிள்ளையின் சிரிப்பு. கலகலவென்று, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல் சிரிக்கிற சிரிப்பு. பள்ளத்தாக்கு முழுவதும் அது பரவியது. சிரிப்புக்கு நடுவில் அந்தக் குரல் பேசியது: "செம்பாவா? செம்பா... செம்பா... ஏ செம்பா, இங்க வாடி! ம், கூப்புட நல்லாத்தான் இருக்குது." மறுபடியும் சிரிப்பு.

செம்பா மெல்ல எழுந்தாள். "யாரும்மா அது?" என்று கேட்டாள்.

அலமேலு எழுந்து குழாயையே பார்த்தாள். அவனுடைய பேச்சைத்தான் தேடித் தேடிக் கேட்டாளே தவிர, அன்றைக்கு அடுப்படியில் தானும் இருந்தோம், தானும் பேசினோம், தன்னுடைய குரலும் அவனுடையதோடு சேர்ந்துதான் இறுகியது என்று ஒருநாளாவது நினைத்துப் பார்த்திருப்பாளா? கேட்டது யாருடைய குரல் என்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை. பிச்சாயிக்குத்தான் பிடிபட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"உங்கம்மாதாண்டி. இந்த ஊருக்கு வந்தப்ப இப்பிடித்தான் சிரிப்பா. தெருமுனை வரைக்கும் கேக்கும்."

செம்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம், அது சிரித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்குள் எதிர்மலைக்குப் போன குரல் திரும்பி வந்துவிட்டது, இன்னும் பெரிதாக, இன்னும் சந்தோசமாக, ஏ செம்பா, இங்க வாடி, என்று பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டது.

அம்மா பக்கத்திலேயே நிற்கும்போதே, செம்பா பாறை மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, மலையைப் பார்த்துக் கத்தினாள்:

"வந்துட்டேம்மா!"